பெரியவர்களின் அறிவுக்கு விலை பேசுவது எப்படி?

வாசகர் கேள்வி – பதில்

பழங்குடிகளின் கலை, மூலிகை அறிவு, பாரம்பரிய விதை ஆகியவற்றை வைத்துத் தொழில் செய்வது பற்றி டெல்டா மாவட்ட வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கும்பகோணத்தில் சிறிய மரவேலைப் பட்டறை நடத்துகிறோம். ஆஸ்திரேலியாவில் பரிசுப்பொருள் வியாபாரம் செய்யும் ஒருவர் 2,000 பூமராங், 500 மரப்பெட்டி கேட்கிறார். அவற்றின்மேல் அந்நாட்டுப் பழங்குடிகளின் புள்ளி ஓவியம் வர வேண்டுமாம். "எதையும் அச்சு அசலாக நகலெடுக்காதீர்கள். இணையத்தில் கிடப்பதைப் பார்த்து அதே மாதிரி போடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்" என்கிறார். ஆர்டரை எடுக்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

அவர் சொல்லும் விதத்தில் என்றால் எடுக்க வேண்டாம். காரணங்களை விரிவாகவே சொல்கிறோம். இதே மாதிரி ஆர்டர்கள் வேறு பட்டறைகளுக்கும் வரக்கூடும்.

"நகலெடுக்காதீர்கள்" என்று அவர் சொல்வதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட ஓவியத்துக்குத்தான் காப்புரிமை உண்டு. புள்ளி வைத்து வரையும் பாணிக்கு இல்லை. அந்த ஓட்டையை நம்பித்தான் பேசுகிறார். ஆனால், பழங்குடிகள் செய்தது என்று வாங்குபவர் நம்பும்படி ஒரு பொருளை விற்றால், அது நுகர்வோரை ஏமாற்றும் குற்றம். பிருபி ஆர்ட் என்ற நிறுவனம் இதில்தான் மாட்டியது. 2015 ஜூலையிலிருந்து 2017 நவம்பர் வரை 18,000-க்கும் மேற்பட்ட பூமராங், டிஜெரிடூ என்ற ஊதுகுழல் போன்ற பொருள்களை அது விற்றது. எல்லாம் இந்தோனேசியாவில் செய்தவை. பொருள்களின்மேல் 'கையால் வரைந்தது', 'பழங்குடிக் கலை' என்று எழுதியிருந்தார்கள்; இந்தோனேசியா என்ற சொல் எங்கும் இல்லை. ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் 2018-ல் அதை மோசடி என்று தீர்ப்பளித்து, 2019-ல் 23 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அதற்குள் நிறுவனம் திவாலாகிவிட்டது. உங்களுக்கு ஆர்டர் தருகிறவர் அப்படி மூழ்கினால் உங்கள் பாக்கியும் சேர்ந்துதான் மூழ்கும்.

நகலெடுத்துவிட்டாலோ நிலைமை இன்னும் மோசம். நகல் இங்கே செய்யப்பட்டாலும் இந்தியச் சட்டம் விடாது. 1999-ஆம் ஆண்டின் சர்வதேசக் காப்புரிமை ஆணைப்படி வெளிநாட்டு ஓவியங்களுக்கும் இங்கே பாதுகாப்பு உண்டு. நம் சட்டத்தில் ஓவியர் காலமான பிறகும் 60 ஆண்டு அது நீடிக்கும். ஆஸ்திரேலியாவில் 70 ஆண்டு.

சட்டத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், அந்தப் புள்ளிகள் வெறும் அலங்காரம் இல்லை. மத்திய ஆஸ்திரேலியாவின் பப்புன்யா குடியிருப்பில் 1971-ல்தான் பெரியவர்கள் பலகைகளில் வரையத் தொடங்கினார்கள். அதற்கு முன்பு அவை சடங்கின்போது மணலிலும் உடம்பிலும் வரையப்பட்டவை. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட நிலத்தின் கதை. அதை வரைய இன்னாருக்குத்தான் உரிமை என்ற வரையறை உண்டு. வெளியார் பார்க்கக் கூடாத பகுதிகளை மறைப்பதற்காகவே சில ஓவியங்களில் புள்ளிகளை நெருக்கி வைத்தார்கள். 1990-களில் பெர்த் நகர நிறுவனம் ஒன்று பழங்குடி ஓவியங்களைத் திருடி, வியட்நாமில் தரைவிரிப்பாக நெய்து இறக்கியது. நம் வீட்டு வாசல் மிதியடியில் சுவாமி படம் இருந்தால் எப்படிப் பதறுவோமோ அப்படித்தான் அந்தக் குடும்பங்களும் பதறின. ஓவியம் தமக்குத் தெரியாமல் திருடப்பட்டிருந்தாலும், அதைக் காக்கத் தவறிய பழி அந்தச் சமூகத்தில் ஓவியர்மேல்தான் விழும். 1994-ல் வந்த தீர்ப்பு 1 லட்சத்து 88 ஆயிரம் டாலருக்கு மேல் இழப்பீடு வழங்கியது. பண்பாட்டு ரீதியாக ஏற்பட்ட அவமானத்தையும் நீதிபதி அந்தத் தொகையில் கணக்கில் எடுத்துக்கொண்டார்.

ஆர்டரை நேர்மையாக எடுக்கவும் வழி இருக்கிறது. ஓவியர் யார், எந்தச் சமூகம், உரிம ஒப்பந்தம் எங்கே என்று இறக்குமதியாளரிடம் எழுத்தில் கேளுங்கள். 'பொதுவான டிசைன்' என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஒப்பந்தத்தை அனுப்பினால் நான்கு விஷயங்களைப் பாருங்கள்: இந்தியாவில் தயாரிக்க அனுமதி உண்டா, எந்தப் பொருளுக்கு, எத்தனை எண்ணிக்கைக்கு, எதுவரை. பல பழங்குடிச் சமூகங்கள் தங்களுக்கென்று கலை மையம் நடத்துகின்றன. அந்த மையத்தின் முகவரியை நீங்களே தேடி எடுத்து நேரடியாகக் கேளுங்கள். இறக்குமதியாளர் தரும் மின்னஞ்சல் முகவரியை நம்ப வேண்டாம்.

பிறகு மாதிரி. முதல் பூமராங்கையும் முதல் பெட்டியையும் ஓவியர் பார்த்துச் சம்மதிக்கும்வரை மற்றவற்றில் கை வைக்கக் கூடாது. பெட்டியின் அளவுக்காக ஓவியத்தை வெட்டுவது, தலைகீழாகத் திருப்புவது, இரண்டு ஓவியங்களை ஒட்டுவது, 'இந்தச் சிவப்பு எடுப்பாக இல்லை' என்று நிறத்தை மாற்றுவது – பட்டறையில் சாதாரணமாக நடக்கும் இவை அத்தனையும் இங்கே தவறு. லேபிளில் ஓவியர் பெயர், சமூகம், 'இந்தியாவில் தயாரிக்கப்பட்டது' மூன்றும் ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும்.

ஆர்டர் முடிந்த பிறகு நடப்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. நூற்றுக்கு ஐந்தாறு உருப்படி பழுதாகும். 'செகண்ட்ஸ்' என்று அவற்றை உள்ளூர்க் கடையில் தள்ளுவது வழக்கம். இந்த ஆர்டரில் அப்படிச் செய்யக் கூடாது. எண்ணி அழிக்க வேண்டும், அல்லது திருப்பி அனுப்ப வேண்டும். அச்சிட்ட ஸ்கிரீனையும் கணினிக் கோப்பையும் சேர்த்து அழித்துவிடுங்கள். அடுத்த சீசனில் யாரோ அதை எடுத்து வேறொரு பொருளில் போட்டால் வழக்கு வந்துவிடும். 'டிசைன் உரிமை குறித்த முழுப் பொறுப்பும் வாங்குபவருடையது' என்ற வரி பர்ச்சேஸ் ஆர்டரில் இருக்கட்டும். அதை எழுத அவர் தயங்கினால் அதுவே உங்களுக்குப் பதில்.

எங்கள் மகளிர் குழு தலைவலித் தைலம் காய்ச்சி விற்க நினைக்கிறது. காட்டோரக் குடியிருப்பில் உள்ள ஒரு பாட்டியிடம் கேட்டால் பக்குவத்தைச் சொல்லிவிடுவார். அவருக்கு ஒரு புடவையும் 2,000 ரூபாயும் கொடுக்கலாம் என்று பேசியிருக்கிறோம். வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?
– வாசகி, வேதாரண்யம்

புடவை மரியாதைக்கு. அதை விலையாகக் கணக்கில் எழுதாதீர்கள்.

முதலில், அது பாட்டியின் சொந்த அறிவா, குடியிருப்பே அறிந்த அறிவா என்று விசாரியுங்கள். கேரளத்தில் அகத்திய மலைக் காணிக்காரர்களின் அனுபவம் இதற்குப் பெரிய பாடம். 1987-ல் காட்டுக்குள் போன ஆராய்ச்சியாளர்கள், வழிகாட்டிகளாக வந்த காணிக்காரர்கள் ஒரு காயைத் தின்றுகொண்டே களைப்பில்லாமல் நடப்பதைக் கவனித்துக் கேட்டார்கள். அவர்கள் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து உருவான 'ஜீவனி' மருந்தைத் தயாரிக்கும் உரிமம் 1995-ல் ஒரு மருந்து நிறுவனத்துக்குத் தரப்பட்டது: உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி, இரண்டிலும் சரிபாதி காணிக்காரர்களுக்கு. பணத்தை வாங்க 1997-ல் அவர்கள் பெயரில் ஒரு அறக்கட்டளை தொடங்கப்பட்டது. உலகமே மெச்சிய ஏற்பாடு. ஆனாலும் கசப்பு வந்தது. அங்கே வைத்தியம் பார்ப்பவர்கள் 'பிலாத்தி' எனப்படும் பெரியவர்கள். இரண்டு மூன்று பேர் சொன்னதை வைத்து எல்லாருடைய அறிவையும் விற்றுவிட்டீர்களே என்று அவர்களில் பலர் எதிர்த்தார்கள். செடி காட்டில் விளைவதால் அதைப் பறிக்க வனத்துறை தடை போட்டது. திருட்டுப் பறிப்பும் நடந்தது. யாரிடம் கேட்பது, மூலப்பொருள் எங்கிருந்து வரும் என்ற இரண்டையும் முதலிலேயே தீர்க்காததன் விளைவு அது.

அதனால் பாட்டியிடம் தனியாகப் பேசி முடிக்காதீர்கள். குடியிருப்பின் பெரியவர்கள், மற்ற வைத்தியக்காரர்கள், பாட்டியின் மகன் மகள் எல்லாரும் இருக்கும்போது பேசுங்கள். என்ன செய்யப்போகிறீர்கள், எங்கே விற்பீர்கள், என்ன விலை என்று மறைக்காமல் சொல்லுங்கள். அன்றைக்கே பதில் கேட்க வேண்டாம். ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதி, உரக்க வாசித்துக் காட்டி, ஒரு பிரதியை அவர்கள் வீட்டில் இரண்டு வாரம் விட்டுவிட்டு வாருங்கள். 'வேண்டாம்' என்று சொல்ல அவர்களுக்கு முழு உரிமை உண்டு. அப்படிச் சொன்னால் திரும்பத் திரும்பப் போய் நிற்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் பங்கு என்பது விற்பனை விலையில் சதவீதமாக இருக்க வேண்டும், லாபத்தில் அல்ல. லாபத்தைக் கணக்கில் எப்போது வேண்டுமானாலும் பூஜ்யமாகக் காட்டிவிட முடியும். 100 மில்லி பாட்டில் 180 ரூபாய், பங்கு 3 சதவீதம் என்று வையுங்கள். ஒரு பாட்டிலுக்கு 5 ரூபாய் 40 காசு. மாதம் 500 பாட்டில் விற்றால் 2,700 ரூபாய். சிறு குழுவுக்கும் தாங்கக்கூடிய தொகைதான். குடியிருப்புப் பொது அறிவு என்றால் பணம் கூட்டு வங்கிக் கணக்குக்குப் போகட்டும். இரண்டு பேர் கையெழுத்திட்டால்தான் எடுக்க முடியும் என்று வைத்து, அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். ஒப்பந்தக் காலம் மூன்று ஆண்டு போதும். பிறகு புதிதாகப் பேசலாம். பாட்டிக்குப் பிறகு பங்கு யாருக்கு என்பதையும், பக்குவத்தை மூன்றாம் ஆளுக்குச் சொல்லக் கூடாது என்பதையும் எழுதிவிடுங்கள். நாளைக்கு ஒரு பெரிய நிறுவனம் உங்கள் பிராண்டை விலைக்குக் கேட்டால் பாட்டியின் பக்கத்துச் சம்மதம் இல்லாமல் விற்கக் கூடாது என்ற வரியும் அவசியம்.

கோடியக்கரைக் காட்டிலிருந்து ஒரு இலைகூடப் பறிக்காதீர்கள். அது வனவிலங்குச் சரணாலயம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உங்கள்மேலும், பறித்துத் தரும் பாட்டிமேலும் பாயும். தேவையான செடிகளைக் கொல்லையில் வளர்த்துக்கொள்ளுங்கள். வேர் தேவைப்படும் மருந்து என்றால் முதல் ஆண்டு நாற்று வளர்ப்பதோடு நிற்கட்டும்.

தைலத்தை மருந்தாக விற்க ஆயுஷ் (சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்கான) உற்பத்தி உரிமம் வேண்டும். 'புற்றுநோய் தீரும், சர்க்கரை மறையும்' போன்ற வாசகங்களுக்கு 1954-ஆம் ஆண்டு மாயமருந்து விளம்பரச் சட்டம் தடை போடுகிறது. பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். தொழில் தொடங்கும் முன் அங்கும் மாநிலப் பல்லுயிர் வாரியத்திடமும் கேட்டு, உங்களுக்குப் பொருந்தும் விதி எது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளூர் வைத்தியர்களுக்கு அந்தச் சட்டம் தரும் விலக்கு, அவர்களிடம் கேட்டு விற்கும் உங்கள் குழுவுக்குத் தானாகக் கிடைத்துவிடாது.

பாட்டிலில் பெரியவரின் பெயரையும் படத்தையும் போட்டு மரியாதை செய்தால் போதாதா?
– வாசகர், மயிலாடுதுறை

போதாது. பெயரும் முகமும் விற்பனையைக் கூட்டும். கூட்டினால் அதற்கும் பங்கு தர வேண்டும். படம் போடத் தனிச் சம்மதம் வாங்குங்கள். அவர் காலமான பிறகும் போடலாமா என்பதைக் குடும்பம் சொல்லட்டும். ஆஸ்திரேலியப் பழங்குடிச் சமூகங்கள் பலவற்றில் இறந்தவரின் பெயரைச் சொல்வதும் படத்தைக் காட்டுவதும் துக்கத்தைக் குலைக்கும் செயல். அங்கே தொலைக்காட்சிகளே நிகழ்ச்சிக்கு முன் எச்சரிக்கை போடுகின்றன.

எங்கள் பகுதிப் பெரியவர்கள் காத்துவந்த நெல் ரகத்தை ஒரு கம்பெனிக்காரர் இரண்டு மூட்டை வாங்கிப்போனார். இப்போது வேறு பெயரில் விதையாக விற்கிறார். நாளைக்கு 'நீங்கள் விதைக்கக் கூடாது' என்று சொல்லிவிடுவாரோ?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

சொல்ல முடியாது. 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39-வது பிரிவு, விதையைச் சேமிக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, பகிர, விற்க உழவருக்கு உரிமை தருகிறது. பிராண்ட் பெயர் ஒட்டிய பாக்கெட்டில் விற்பது மட்டும் கூடாது, அதுவும் பாதுகாக்கப்பட்ட ரகத்துக்கு.

ஆனால் சும்மா இருக்காதீர்கள். ரகத்தை 'உழவர் ரகம்' என்று நீங்களே பதிவு செய்யுங்கள். உழவர்களுக்குப் பதிவுக் கட்டணம் இல்லை. விண்ணப்பத்தில் ஊராட்சிப் பல்லுயிர்க் குழு, மாவட்ட வேளாண் அதிகாரி, வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி இயக்குநர் போன்றோரில் ஒருவர் சான்றளிக்க வேண்டும். நெல்லுக்குப் பாதுகாப்பு 15 ஆண்டு. தனி ஒருவர் பெயரில் போடாமல் ஊர்க் குழுவின் பெயரில் போடுவதே நல்லது. தனிப்பெயரில் போட்டால் அண்ணன் தம்பி சண்டையில்தான் முடியும்.

விண்ணப்பம் பெரும்பாலும் கலவனில்தான் (வேறு ரகம் கலந்த நெல்லில்தான்) அடிபடுகிறது. ரகம் மற்றவற்றிலிருந்து வேறுபட்டு, சீராக, ஆண்டுதோறும் மாறாமல் இருக்க வேண்டும் என்று வயலில் விதைத்துப் பார்ப்பார்கள். வீட்டு விதையில் வேறு ரகம் ஊடுருவியிருக்கும். அதனால் முதல் பட்டத்தில் (சாகுபடிப் பருவத்தில்) நல்ல கதிர்களாகத் தனித்தனியே பொறுக்கி, அடுத்த பட்டத்தில் ஒரு கதிருக்கு ஒரு வரிசை என்று நடுங்கள். உயரம், கதிர் வரும் நாள், உமி நிறம், மீசை இவற்றில் மாறி நிற்கும் வரிசையை முழுதாகப் பிடுங்கி எறியுங்கள். எது கலவன் என்று சொல்ல, அந்த நெல்லோடு வாழ்ந்த பெரியவரை வரப்பில் நிறுத்துங்கள். பால் பிடிக்கும்போதே அவர் காட்டிவிடுவார். அவர் சொல்லும் குணங்களை நாள் போட்டு எழுதுங்கள்: எத்தனை நாள் தண்ணீர் நின்றால் தாங்கும், எந்த மாதத்தில் விதைத்தால் சாயாது, வைக்கோல் மாட்டுக்கு ஆகுமா. விண்ணப்பத்தில் ரகத்தின் தனித்தன்மைக்கு இந்த விவரம்தான் பலம்.

விதை கேட்டு வருபவரிடம் நடந்துகொள்ளவும் உங்கள் ஊரிலேயே முன்மாதிரி இருக்கிறது. 2018 டிசம்பரில் மறைந்த நெல் ஜெயராமன், ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் 2 கிலோ விதை கொடுத்து, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திரும்ப வாங்கினார். கம்பெனி கேட்டு வந்தால் அதோடு ஒரு சீட்டும் சேருங்கள்: ரகத்தின் பெயர், ஊர், கொடுத்தவர், அளவு, தேதி, 'பெயர் மாற்றி விற்கக் கூடாது' என்ற வரி, வாங்குபவர் கையெழுத்து. இரண்டு மூட்டை போனபோது இந்தச் சீட்டு இருந்திருந்தால் இன்று உங்கள் கையில் சான்று இருக்கும். இப்போதும் அவருடைய பாக்கெட் ஒன்றை ரசீதோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரிப் பணிக்காகப் பிச்சாவரம் இருளர் பெரியவர்களின் பாட்டையும், நீரில் கையால் துழாவி இறால் பிடிக்கும் முறையையும் படமெடுத்து யூடியூபில் போட விரும்புகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?
– மாணவி, சிதம்பரம்

அறிவைப் பொதுவெளியில் போடுவது இருமுனைக் கத்தி. எழுத்தில் இருந்ததால்தான் மஞ்சளின் புண் ஆற்றும் குணத்துக்கு அமெரிக்கா 1995-ல் தந்த காப்புரிமையை (பேட்டண்ட்), நம் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழுமம் வழக்காடி 1997-ல் ரத்து செய்ய வைக்க முடிந்தது. அதே சமயம், யூடியூபில் காட்டிய அறிவை யாரும் பேட்டண்ட் ஆக்க முடியாதே தவிர, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். இதை அந்தப் பெரியவர்களுக்கு முதலிலேயே விளக்கிச் சொல்லுங்கள். பாட்டையும் தொழிலையும் அவர்கள் சம்மதித்தால் போடலாம். மருந்துச் செடி இருக்கும் இடம், நண்டு பெருகும் வாய்க்கால், சாமி இருக்கும் இடம் வேண்டாம். கேமராவில் இடக்குறியீடு பதிவாவதையும் அணைத்துவிடுங்கள். வெட்டித் தொகுத்த படத்தை ஏற்றும் முன் குடியிருப்பில் போட்டுக் காட்டுங்கள். அங்கே ஒருவர் 'இதை எடுத்துவிடு' என்றால் எடுத்துவிடுங்கள். வேலை நேரத்தில் உங்களோடு உட்கார்ந்தவருக்கு அன்றைய கூலி கொடுங்கள். அவர்கள் ஓதத்தை (கடல் நீரின் ஏற்ற இறக்கத்தை) பார்த்துத் தொழிலுக்குப் போகிறவர்கள், போன ஓதம் திரும்ப வராது. ஒரு பிரதியைப் பென்டிரைவில் ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

வேளாங்கண்ணியில் கடை வைத்திருக்கிறேன். நரிக்குறவர் குடும்பங்கள் கோத்துத் தரும் மணிமாலைகளை வாங்கி விற்கிறேன். விற்ற பிறகு பணம் தருவதுதான் இங்கே வழக்கம். இது சரியா?
– வாசகர், நாகப்பட்டினம்

வழக்கம்தான், சரியில்லை. விற்காத மாலையின் நஷ்டத்தை ஏழைக் குடும்பத்தின் தலையில் கட்டுகிற ஏற்பாடு அது. எண்ணி வாங்கியதும் குறைந்தது பாதியைக் கையில் கொடுங்கள், மீதிக்குத் தேதி போட்ட சீட்டு. சிறு, குறு தொழில் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில், இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இந்தப் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடைக்க உத்யம் பதிவு (சிறு, குறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பதிவு செய்து தருகிறேன் என்று காசு கேட்பவர்களிடம் போகவிடாதீர்கள். தமிழகப் பழங்குடிப் பட்டியலில் நரிக்குறவர், குருவிக்காரர் சேர்க்கப்பட்டு 2023 ஜனவரியில் அறிவிப்பும் வந்துவிட்டது. சாதிச் சான்று இருந்தால் கடன், மானியம் இரண்டுக்கும் வழி திறக்கும். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடக்கும் குடும்பத்துக்கு, விண்ணப்பத்தை நிரப்பித் தரவும் உடன் போகவும் உங்கள் கடையிலிருந்து ஒரு ஆளை அனுப்பி வையுங்கள். ஆலை மணியைக் கைமணி என்று சொல்லி விற்பதையும் நிறுத்துங்கள். இரண்டையும் தனித் தட்டில் வைத்து, எது யார் செய்தது என்று எழுதி வையுங்கள். கைமணிக்குக் கேட்கும் விலையை அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.